பன்றிக்குத் தீவன அட்டவணை: எந்த முறை வளர்ப்புக்கு என்று சொல்லாமல் அளவு சொல்லக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றி வளர்ப்பு குறித்து உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையோடு, எடைவாரியாக ஒரு தீவன அட்டவணையும் இருந்தது. அதிலுள்ள எண்களில் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் அவை எந்த முறையில் வளரும் பன்றிக்குப் பொருந்தும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் அட்டவணையை நம்பித் தீவனம் போடுகிறவர்களுக்கு நஷ்டம் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

பன்றியை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறார்கள். வீட்டுப் பின்புறம் நாலைந்தை அடைத்து மிச்சம் மீதி போட்டு வளர்க்கிறார்கள். வேலிக்குள் மேயவிட்டு இரவில் கொட்டகையில் அடைக்கிறார்கள். மரத்தூளோ உமியோ வைக்கோலோ தடிமனாகப் பரப்பிய ஆழ்கூளத்தில் கூட்டமாக விடுகிறார்கள். கான்கிரீட் தரையில் முழுநேரமும் அடைத்து, கலப்புத் தீவனம் மட்டுமே தந்தும் வளர்க்கிறார்கள். அவிழ்த்துவிட்ட பன்றி மண்ணைக் கிளறிப் புழு, கிழங்கு, பச்சை எல்லாம் தானே தேடிக்கொள்கிறது. அடைத்துவிட்டால் தண்ணீரிலிருந்து இரும்புச்சத்து வரை ஒவ்வொன்றையும் நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அடைப்பது மட்டும் முழுமையாக நடந்து, கொடுப்பது பழைய அரைகுறை வழியிலேயே தொடரும் இடங்களில்தான் பன்றிகள் அதிகம் சாகின்றன.

முதலில் அவிழ்த்துவிடும் முறை. செலவே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் இப்படித் திரியும் பன்றிக்கு நாளொன்றுக்கு 200 கிராம் எடை ஏறுவதே அரிது. கொட்டகையில் நன்றாக வளரும் கலப்பினப் பன்றிக்கு 700 கிராமுக்கு மேல் ஏறும். எடையைவிடப் பெரிய கவலை நாடாப்புழு. குடலில் நாடாப்புழு உள்ள மனிதர் திறந்தவெளியில் மலம் கழிக்கிறார். அதிலுள்ள முட்டைகளைப் பன்றி தின்கிறது. அதன் தசையில் அரிசிமணி அளவில் நீர்க்கட்டிகள் உருவாகின்றன. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிட்டவருக்கு நாடாப்புழு வரும். அவர் மலத்திலிருந்து முட்டைகள் அழுக்குக் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குப் போனால், கட்டி மூளையில் போய் உட்கார்ந்து வலிப்பை உண்டாக்கும். பன்றி இறைச்சியே தொடாதவருக்கும் இது வரலாம். இந்த நோய் நிலைகொண்டுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக்ஸ்ஃபென்டசோல் மருந்தை ஒரு கிலோ உடல் எடைக்கு 30 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை வாய்வழியாகக் கொடுத்தால் பன்றியின் தசையிலுள்ள கட்டிகள் சாகும். கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை அதை அறுக்கக் கூடாது. ஆனால் கழிப்பறையும் பன்றிக்கு ஒரு வேலியும் இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பலன் நிற்காது.

ஆகவே அடைத்து வளருங்கள் என்று சொல்வது சரி. அடைத்த மறுவாரமே என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. மண்ணைத் தின்ற குட்டிக்கு அதிலிருந்து இரும்புச்சத்து கிடைத்துக்கொண்டிருந்தது. சிமெண்ட் தரையில் பிறக்கும் குட்டியிடம் பிறக்கும்போது ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும். நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் தேவை. தாய்ப்பாலிலிருந்து கிடைப்பது சுமார் 1 மில்லிகிராம். இந்தக் கணக்குப்படி ஒரு வாரத்திலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காதோரம் வெளுத்து, மூச்சு வாங்கி, நன்றாகக் கொழுத்திருக்கும் குட்டிதான் முதலில் சாகிறது; ஏனென்றால் வேகமாக வளர்கிற குட்டிக்குத்தான் ரத்தம் அதிகம் வேண்டும். பிறந்த மூன்றாம் நாள் கழுத்துத் தசையில் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி ஒன்று போட்டால் இது வராது. ஊசிக்கு வழியில்லாத இடத்தில் பன்றி நடமாட்டமே இல்லாத நிலத்திலிருந்து தினமும் ஒரு கட்டி மண் எடுத்துக் குட்டிகளின் மூலையில் போடலாம். பன்றி திரிந்த இடத்து மண்ணானால் அதோடு குடற்புழு முட்டையும் சேர்ந்து வரும்.

அடுத்தது தண்ணீர். பின்புறத்தில் நாலைந்து பன்றி வைத்திருப்பவர்கள் பலர் தீவனத்தைக் கரைத்து ஊற்றுவதோடு சரி; தனியாகத் தண்ணீர் வைப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல், உப்பு கலந்த மிச்சத்தைத் தின்ற பன்றிக்கு உப்பு நஞ்சு ஏறும். சுவரில் தலையை முட்டி நிற்கும், வட்டமடிக்கும், மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி பின்னால் நகர்ந்து உட்காரும், பிறகு வலிப்பு. விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சண்டை வருவதும் உண்டு. அந்த நேரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கிப் பன்றி சாகும். சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்துத்தான் மீட்க வேண்டும். மருத்துவரையும் உடனே அழைக்க வேண்டும். வளரும் பன்றிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 10 லிட்டர், சினைப்பன்றிக்கு 12 முதல் 20 லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு 20 முதல் 40 லிட்டர் வேண்டும். பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் நிப்பிள் வைத்தவர்கள் குழாய் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு நிமிடம் குவளையில் பிடித்து அளந்து பாருங்கள். பால் மறந்த குட்டிக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர், பெரிய பன்றிக்கு 1 லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு 1.5 முதல் 2 லிட்டர் வர வேண்டும். குறைவாக வந்தால் தாய் நின்றுகொண்டு குடிக்கப் பொறுமையில்லாமல் படுத்துவிடும். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும், பால் குறையும், குட்டி மெலியும். இதைப் பார்த்துத் தீவனத்தை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அடைத்திருப்பது நிப்பிளின் சல்லடையாக இருக்கும்.

சமையலறை, ஓட்டல் கழிவு கொடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று கணக்கு. கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ கழிவில் உலர்ந்த சத்து 2 முதல் 2.5 கிலோதான் தேறும். 60 கிலோ பன்றிக்கு நாளொன்றுக்கு அந்த அளவு உலர்தீவனம் தேவை. அது 10 கிலோ கழிவைத் தின்று சமாளித்துக்கொள்ளும். 20 கிலோ குட்டிக்கு ஒரு கிலோ உலர்தீவனம் வேண்டும். அதற்கு 4, 5 கிலோ கழிவு தின்ன வேண்டும். அதன் வயிறு கொள்ளாது. வயிறு புடைத்து, முதுகெலும்பு தெரிய, முடி சிலிர்த்து நிற்கும் குட்டிகள் பசியோடுதான் இருக்கின்றன. 30, 35 கிலோ எடை வரும்வரை குட்டிகளுக்குத் தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனமே பிரதானமாக இருக்கட்டும். கழிவு அந்த எடைக்குப் பிறகுதான். அப்போதும் கழிவோடு நாளொன்றுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை புரதம் மிகுந்த அடர்தீவனமும் தாது உப்பும் சேர்த்தால்தான் சதை பிடிக்கும். இல்லையென்றால் சோறும் எண்ணெயும் கொழுப்பாகத்தான் மாறும்.

இரண்டாவது விஷயம், கழிவு வழியாக வரும் நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2007இல் ஜார்ஜியாவுக்கு வந்தது; கப்பலில் வந்த உணவுக் கழிவுதான் வழி என்று கருதப்படுகிறது. 2018இல் சீனா, 2020இல் வடகிழக்கு இந்தியா. இதன் வைரஸ் உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும், உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். கோமாரியும் இதே வழியில் வரும். 2001இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொல்ல வைத்த கோமாரி, சரியாக வேகவைக்காத கழிவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரிந்தது. அங்கே அந்த ஆண்டே கழிவுத் தீவனத்துக்குத் தடை வந்தது. தடை இல்லாத இடத்தில் கொடுப்பவர்கள் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், விடாமல் கிளறிக்கொண்டே வேகவைக்க வேண்டும். கிளறாத அண்டாவில் மேலே நுரை பொங்கும். நடுவில் பெரிய எலும்பும் கட்டிச் சோறும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பச்சைக் கழிவு வந்த வாளியை வெந்த தீவனத்துக்கு எடுக்கவே கூடாது. பன்றி இறைச்சி மிச்சம் இருக்கும் கழிவை வேகவைத்தும் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கொட்டகையில் முழுநேரம் அடைத்து, சொந்தமாகத் தீவனம் கலப்பவர்களிடம் வேறொரு தவறு நடக்கிறது. புரத சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். வளரும் பன்றிக்கு 100 கிலோ கலவை எடுத்துக்கொள்வோம்: மக்காச்சோளம் 60, சோயா புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு அரை கிலோ, வைட்டமின் கலவை அரை கிலோ. புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் வரும். சோயாவுக்குப் பதில் அதே 20 கிலோ கடலைப் புண்ணாக்கு போட்டாலும் புரதம் அதே 17தான். ஆனால் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் பன்றிக்கு முதலில் பற்றாக்குறை ஆவது லைசின். சோயா புண்ணாக்கில் அது 2.8 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 1.5 சதவீதம், மக்காச்சோளத்தில் கால் சதவீதம். முதல் கலவையில் லைசின் 0.8 சதவீதம் வருகிறது, இரண்டாவதில் 0.55. வளரும் பன்றிக்கு 0.9 அளவில் தேவை. முதல் கலவையில் 150 கிராம் லைசின் தூள் சேர்த்தால் சரியாகிவிடும். இரண்டாவதைத் தின்ற பன்றி தின்பதில் குறை வைக்காது, சதை மட்டும் ஏறாது. முதுகுக் கொழுப்பு ஏறும். தீவனம் அதே புரதம்தானே, இனம்தான் சரியில்லை என்று குட்டி விற்றவரைக் குறைசொல்வார்கள்.

மூலப்பொருள்களில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பச்சை சோயாவை வறுக்காமல் போட்டால் அதிலுள்ள தடைப்பொருள் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். மரவள்ளியைச் சீவிக் காயவைத்தோ வேகவைத்தோ ஊறுகாய்ப்புல் போல மூடிப் புளிக்கவைத்தோதான் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் சயனைடு நஞ்சு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற பெட்டைக் குட்டிகளின் பிறப்புறுப்பு வீங்கும்; பருவத்துக்கு வந்துவிட்டது என்று ஏமாறுவார்கள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு சில நாளிலேயே சிக்குவாடை அடிக்கும், அதிகம் போட்டால் பன்றியின் கொழுப்பு இளகிப்போகும். மீன்தூளை அறுப்பதற்கு முந்தைய வாரங்களில் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சியில் மீன் வாடை நிற்கும். அரவை 600, 700 மைக்ரான் அளவில், ரவை போல இருக்க வேண்டும். மாவாக அரைத்தால் இரைப்பையில் புண் வந்து, வெளிறிப்போய்த் திடீரென்று சாகும். முழுமணியாகப் போட்டால் சாணத்தில் மக்காச்சோளம் அப்படியே வெளியே வரும்.

தாய்ப்பன்றியின் தீவனத்தில்தான் அட்டவணை மிகவும் ஏமாற்றுகிறது. அதில் தாய்ப்பன்றிக்கு 3 கிலோ என்று ஒரே எண். சினையாக இருக்கும் 114 நாளும் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாளும் ஒன்றல்ல. சினையில் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 கிலோ, புரதம் 12 முதல் 14 சதவீதம் போதும். கடைசி மூன்று, நான்கு வாரம் அரை கிலோ கூட்டலாம். பாவம், சினையாச்சே என்று வாரிப் போட்டால் கொழுத்துப்போய் ஈனும்போது திணறும், குட்டியை நசுக்கும். எல்லாவற்றையும்விட, சினையில் கொழுத்த பன்றி ஈன்றபின் தீவனம் தின்னாது. தின்ன வேண்டியது அப்போதுதான். ஈன்ற அன்று வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் தவிட்டுக் கரைசலும். மறுநாள் 2 கிலோ. பிறகு நாளுக்கு அரை முதல் ஒரு கிலோ கூட்டி, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வர வேண்டும். முழு அளவு என்பது தாய்க்கு 2 கிலோ, ஒவ்வொரு குட்டிக்கும் அரை கிலோ. பத்துக் குட்டி போட்டிருந்தால் 7 கிலோ, புரதம் 16 முதல் 18 சதவீதம். ஒரே வேளையில் இவ்வளவு தின்னாது. மூன்று வேளையாகப் பிரித்து, வெயில் காலமானால் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் போட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏறப் பால் கொடுக்கும் தாய் தீவனத்தைக் குறைக்கும். கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி ஒரு குழாய் கட்டினால் நல்ல மாற்றம் தெரியும். குட்டி படுக்கும் இடம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும்போது உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்த தாய், குட்டியைப் பிரித்த 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வராது. வந்தாலும் அடுத்த ஈற்றில் குட்டி குறையும்.

எது கொழுப்பு, எது மெலிவு என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. இடுப்பெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். லேசாகத் தொட்டதுமே எலும்பு தட்டுப்பட்டால் மெலிவு. நன்றாக அழுத்தினால் தெரிய வேண்டும், அதுதான் சரி. எவ்வளவு அழுத்தியும் தெரியவில்லை என்றால் தீவனத்தைக் குறைக்க வேண்டும். பல தாய்களை ஒரே அறையில் வைத்திருப்பவர்கள் தலைக்கு 2 கிலோ என்று கணக்குப் போட்டு ஒரே தொட்டியில் கொட்டுகிறார்கள். வலிய பன்றி 4 கிலோ தின்னும், எளிய பன்றி அரை கிலோ தின்னும். தோள்வரை நீளமுள்ள தடுப்புகள் வைத்துத் தனித்தனி இடம் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் தரையில் பரவலாக, ஒரே சமயத்தில் வீசுங்கள். மெலிந்தவற்றைத் தனி அறைக்கு மாற்றுங்கள். சினைப்பன்றியைத் திரும்ப முடியாத கூண்டில் 114 நாளும் நிறுத்துவதும் இந்தச் சண்டைக்கு ஒரு தீர்வாகத்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி 1 முதல், இணைசேர்த்த நான்கு வாரத்துக்குப் பிறகு, ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை கூண்டில் வைக்கக் கூடாது, கூட்டமாகத்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புதிதாகக் கொட்டகை கட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக் கட்டுவது நல்லது. இடமும் தீவனத் தடுப்பும் சரியாக அமைந்தால் கூட்டத்தில் சண்டை இரண்டு நாளில் அடங்கிவிடும்.

குட்டிக்கு வருவோம். ஒரே அறையில் இரண்டு தட்பவெப்பம் வேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல். தாய்க்கு 18 முதல் 22 டிகிரி சுகம்; பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். குட்டிகளுக்கென்று தாய் நுழைய முடியாத மூலை ஒன்று ஒதுக்கி, பல்பு கட்டி, வைக்கோல் போட வேண்டும். வாரத்துக்கு 2 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குட்டிகள் படுத்திருப்பதைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர்கிறது. பல்புக்கு விலகி ஓரமாகச் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. குளிரும் குட்டி தாயின் அடிவயிற்றுச் சூட்டைத் தேடிப் போகும், அங்கேதான் நசுங்கும். தாய் ஈனும்போது நிறுத்தும் ஈற்றுக் கூண்டு இல்லாதவர்கள் சுவரிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்தும் அதே உயரத்தில் ஒரு குழாய்க் கம்பியைச் சுற்றிலும் பதித்தால், தாய் சுவரோரம் சரிந்து படுக்கும்போது குட்டிக்குத் தப்பிக்க இடம் கிடைக்கும். சீம்பால் பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் போய்ச்சேர வேண்டும். 24 மணி நேரம் ஆனால் எதிர்ப்புப் பொருளைக் குடல் உள்ளே விடாது. எல்லாக் குட்டியும் குடிக்கிறது என்று தூர இருந்து சொல்லாதீர்கள், சிறிய குட்டியை எடுத்துக் காம்பில் வைத்துப் பாருங்கள்.

பிரிக்கும் வயதும் முறைக்கு முறை மாறும். வெப்ப விளக்கு, பால் பொருள் கலந்த நல்ல குட்டித் தீவனம், கழுவிக் காய்ந்த அறை எல்லாம் இருந்தால் 28 நாளில் பிரிக்கலாம். தவிடும் புண்ணாக்கும் கலந்த தீவனம்தான் என்றால் 42 முதல் 56 நாள் வரை தாயிடம் விடுங்கள். பண்ணைக்காரர் 28 நாளில் பிரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, பின்புறத்தில் இரண்டு தாய் வைத்திருப்பவரும் பிரித்தால் வயிற்றுப்போக்கில் பாதிக் குட்டி போகும். எந்த வயதானாலும் 7ஆம் அல்லது 10ஆம் நாளிலிருந்தே 20 முதல் 22 சதவீதப் புரதமுள்ள குட்டித் தீவனத்தைக் கைப்பிடியளவு, தினமும் புதிதாக வைக்க வேண்டும். பிரிக்கும் நாளில் தாயை அப்புறப்படுத்துங்கள், குட்டிகள் அதே அறையில் இருக்கட்டும். அன்றே தீவனத்தையும் மாற்றக் கூடாது. புதிய தீவனத்தைப் பழையதோடு கலந்து ஐந்து முதல் ஏழு நாளில் மாற்ற வேண்டும்.

வேலிக்குள் மேயவிடும் முறையில் குட்டிக்கு இரும்புக் கவலை குறைவு, ஒன்றன் வாலை மற்றொன்று கடிக்கும் வால் கடியும் குறைவு. குடற்புழுதான் எதிரி. உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரே துண்டு நிலத்தில் தொடர்ந்து விட்டால் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிலத்தைப் பகுத்து மாற்றி மாற்றி விட வேண்டும். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. நிழலும் சேற்றுக்குழியும் இல்லாத வேலி வெயில் காலத்தில் அதைக் கொல்லும். வெள்ளைத்தோல் பன்றிக்கு வெயிலில் தோல் வெந்து, அந்த வலியில் ஆண் ஏறவும் விடாது. மேய்ச்சலில் கிடைக்கும் பச்சையைப் பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். வளரும் பன்றியின் குடல் நார்ச்சத்தை அதிகம் செரிக்காது. சினைப்பன்றிக்கு மட்டும் தீவனத்தில் ஒரு பகுதியைப் பச்சையால் ஈடுகட்டலாம். குளிர்காலத்தில் வெளியில் இருக்கும் பன்றிக்கு உடற்சூட்டைக் காக்கவே கூடுதல் தீவனம் வேண்டும் என்பதையும் அட்டவணை சொல்வதில்லை.

ஆழ்கூளத்தில் ஒரு பெரிய பன்றிக்கு 1.2 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். கான்கிரீட் கொட்டகைக் கணக்கில் நெருக்கினால் கூளம் சேறாகிவிடும். மரத்தூளோ உமியோ வைக்கோலோ முழங்கால் அளவுக்குப் போட்டு, நனைந்த பகுதியைக் கிளறி, மேலே காய்ந்ததைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். கூளம் புளிக்கும்போது சூடு வரும். குளிர்காலத்தில் வரம், கோடையில் தொல்லை. தீவனத் தொட்டியும் தண்ணீரும் கூளத்தில் இல்லாமல் தனி மேடையில் இருக்கட்டும்.

கான்கிரீட் கொட்டகையில் வால் கடி வந்தால் வாலை வெட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. தீவன இடம் போதுமா, வேளைக்கு இவ்வளவு என்று அளந்து போடும் தீவனமானால் பெரிய பன்றிக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தொட்டி நீளம் இருக்கிறதா, படுக்கும் இடத்தில் நேரடியாகக் காற்று அடிக்கிறதா, உப்பு குறைகிறதா, கண் எரிகிற அளவுக்கு அமோனியா நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடிபட்டதை உடனே தனியே எடுக்க வேண்டும். ரத்தத்தின் ருசி பரவினால் ஒரே இரவில் பல வால் போகும். கடிக்கக் கிளைக்கட்டையோ வைக்கோலோ தினமும் போட்டால் பாதிப் பிரச்சினை குறையும். புதிய அறைக்கு மாற்றும்போது சாணம் போட வேண்டிய மூலையை நனைத்து, கொஞ்சம் சாணத்தையும் அங்கே போட்டு, படுக்கும் பக்கத்தைக் காய்ந்த தூளால் நிரப்பிவிட்டால் பன்றி முதல் நாளே இடத்தைப் பிரித்துக்கொள்ளும். முதல் நாள் படுக்கும் இடம் நனைந்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் இந்தக் கடிதத்தோடு வெளியிடுங்கள். சாணக் கரைசல் தொட்டியைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது, சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, அவரும் சாவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. கிளறும்போது கொட்டகைக்குள் ஆள் இருக்கக் கூடாது. மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் தொட்டிக்குள் இறங்கவே கூடாது.

எடைத்தராசு இல்லாதவர்கள் எடைவாரி அட்டவணையை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வியும் நிற்கிறது. ஒரு அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீட்டரில் எடுங்கள். காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளத்தை மீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, மறுபடி 69.3 ஆல் பெருக்கினால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 0.90, நீளம் 0.85 என்றால் ஏறத்தாழ 48 கிலோ. தலையைத் தூக்கியோ குனிந்தோ நிற்கும்போது அளந்தால் நீளம் மாறிவிடும். நேராகப் பார்த்து நிற்கும்போது காலையில், தீவனத்துக்கு முன் அளக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் தீவன அட்டவணை வெளியிடும்போது, அது எந்த வளர்ப்பு முறைக்கு, உலர்ந்த எடையில் சொன்ன அளவா ஈர எடையில் சொன்ன அளவா, லைசின் எவ்வளவு என்ற மூன்றையும் தலைப்பிலேயே அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம். தாய்ப்பன்றிக்குச் சினைக்கு ஒரு வரியும் பால் கொடுக்கும் காலத்துக்கு ஒரு வரியும் தனித்தனியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களுமாகச் சிலர்